கல்லாவில் கைத்துப்பாக்கி: காவலா, கவலையா?



நமது சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில், வியாபாரிகளுக்குக் கைத்துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்கும்படி அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒன்று வர இருப்பதாக அறிகிறோம். வசூல் முடித்து இரவில் திரும்பிய நம் உறுப்பினர் ஒருவரை வழிமறித்து, அரிவாளால் கையில் வெட்டிப் பணப்பையைப் பறித்துச் சென்ற சம்பவமே இதற்குக் காரணம். அவருக்கு ஒன்பது தையல். அந்த வேதனையில் பிறந்த தீர்மானத்தை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் 1996 முதல் 2014 வரை பதினெட்டு ஆண்டுகள் ரிவால்வர் உரிமம் வைத்திருந்தோம்; பயிற்சியும் எடுத்தோம்; பின்னர் நாமே வேண்டாம் என்று ஒப்படைத்தோம். அந்த அனுபவத்தைச் சொல்லாமல் தீர்மானத்துக்குக் கை தூக்குவது முறையல்ல என்பதால் இதை எழுதுகிறோம்.

நாம் வாங்கியது கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த பாயிண்ட் 32 ரிவால்வர். ஆறு தோட்டா கொள்ளும். வாங்கிய நாளில் பத்து ஆள் பலம் வந்தது போல் இருந்தது. சுடத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. தராசு வாங்கினால்கூட முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் நாம், இதைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

1998 ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு பத்தரை மணி. மின்சாரம் இல்லை. மண்டியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தனியாகக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவே ஆள் நடமாடும் சத்தம். ரிவால்வரை எடுத்து, சுத்தியலைப் பின்னால் இழுத்து, சத்தம் வந்த திசையில் நீட்டினோம். "யாரது?" என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. விரல் விசையின் மேல் இருந்தது. "அண்ணாச்சி, நான்தான்!" என்ற குரல் ஒரு நொடி பிந்தி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம், எழுதும் தகுதியும் இருந்திருக்காது. வந்தவர் நம்மிடம் மூட்டை தூக்கும் தொழிலாளி. மறந்துபோன தூக்குச் சட்டியை எடுத்துப் போகக் கணக்கப்பிள்ளையிடம் பின்கதவுச் சாவியை வாங்கி வந்திருக்கிறார். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுவாரமே ரைபிள் கிளப் ஒன்றில் சேர்ந்தோம்.

சுடும் முறைகள் பல

சினிமாவில் காட்டுவது போல் கையை நீட்டி விசையை இழுத்தால் குண்டு போய்ச் சேரும் என்றுதான் நினைத்திருந்தோம். இதில் பல முறைகள் உண்டு என்பதும், எது சரி என்று பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது என்பதும் பயிற்சிக்குப் போன பிறகே தெரிந்தது. தீர்மானத்தை ஆதரிப்போரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, போட்டி முறை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கிச் சுடுவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் 60 முறை சுட 75 நிமிடம் தருகிறார்கள். மகத்தான கலை, மறுப்பில்லை. ஆனால் திருடன் நமக்கு 75 நிமிடம் தர மாட்டான்.

இரண்டாவது, ஷாங்காய் முறை. 1920, 30களில் ஷாங்காய் நகரில் ஆயுதக் கொள்ளை மலிந்திருந்தது. அங்கே நகரக் காவல்துறையில் இருந்த ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவரும் தங்கள் அனுபவத்தை 1942இல் புத்தகமாக வெளியிட்டார்கள். சண்டை பெரும்பாலும் இருட்டுச் சந்துகளில், சில கஜ தூரத்துக்குள் நடக்கிறது. குறிமுள்ளைப் பார்த்துக் குறி வைக்க அங்கே நேரமில்லை. எனவே விரலால் சுட்டிக்காட்டுவது போல் துப்பாக்கியை உயர்த்தி உடனே சுட வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

மூன்றாவது, வீவர் முறை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் காவல் பணியில் இருந்த ஜாக் வீவர் என்பவர், 1950களின் இறுதியில் அங்கு நடந்த போட்டிகளில் துப்பாக்கியை இரு கையாலும் பிடித்துச் சுட்டு வென்றார். வலக்கை முன்னே தள்ளும். இடக்கை பின்னே இழுக்கும். இந்த இழுபறியில் துப்பாக்கி அசையாமல் நிற்கும். குறிமுள்ளையும் பார்ப்பார். அந்தப் போட்டிகளை நடத்திய ஜெஃப் கூப்பர் இதையே பாடமாக்கி, 1976இல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

நான்காவது, இரு கைகளையும் சமமாக நேரே நீட்டி, எதிரியை முழு மார்பும் பார்க்கும்படி நின்று சுடுவது. மேலிருந்து பார்த்தால் முக்கோணம் போல் இருக்கும். 1980களில் பிரையன் எனோஸ், ராப் லீதம் போன்ற போட்டி வீரர்கள் இதைக் கையாண்டு வெற்றி மேல் வெற்றி பெற்றார்கள். பயம் வந்தால் மனிதன் தானாகவே எதிரியை நேருக்கு நேர் பார்த்துக் கைகளை நீட்டுகிறான்; எனவே பதற்றத்திலும் மறக்காத முறை இது என்கிறார்கள்.

இவற்றில் எது சிறந்தது? புதிதாகக் கற்பவருக்கு நான்காவது முறையே எளிது என்பது நமது அனுபவம். வீவர் முறையில் இரு கைகளின் இழுபறியைச் சரியாகப் பழகவே நமக்குப் பல வாரம் ஆயிற்று. ஷாங்காய் முறை கைக்கெட்டும் தூரத்துக்குச் சரி; பத்தடி தாண்டியதும் நமது குண்டுகள் காகிதத்தை விட்டு விலகிப் போயின. ஆனால் எந்த முறையைச் சொல்பவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். விடாத பயிற்சி இல்லாவிட்டால் எந்த முறையும் உதவாது.

நமக்குப் பயிற்சி தந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ வீரர். முதல் நாள் பதினைந்து அடி தூரத்தில் பன்னிரண்டு தோட்டா சுட்டதில் ஐந்துதான் காகிதத்தில் பட்டது. மூன்று மாதத்தில் பன்னிரண்டும் பட்டது. பெருமைப்பட்டோம். அப்போது அவர், மைதானத்தை ஒரு சுற்று ஓடி வரச் சொல்லி, மூச்சிரைக்கும்போதே சட்டைக்கு அடியில் இருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடச் சொன்னார். ஆறில் ஒன்று பட்டது. "இப்ப உங்களை யாரும் அரிவாளோட துரத்தலையே அண்ணாச்சி" என்றார்.

நம் கடைக்குப் பொருந்துமா?

அமெரிக்காவில் சால்ட் லேக் நகரக் காவல் அதிகாரி டென்னிஸ் டியூலர் 1983இல் ஒரு கணக்குச் சொன்னார். கத்தியோடு ஓடி வருபவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். பழகிய காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். நம் மளிகைக் கடைகளில் கல்லாவுக்கும் வாசலுக்கும் 21 அடி எங்கே இருக்கிறது? பெரும்பாலான கடைகளில் பத்தடிதான். துப்பாக்கியோ பூட்டிய பெட்டிக்குள். ஸ்கூட்டரில் வசூலுக்குப் போகும்போது இரண்டு கைகளும் வண்டியின் கைப்பிடியில்.

நான்கு முறைகளும் நாம் நின்றுகொண்டிருக்கிறோம், எதிரி முன்னால் இருக்கிறான், அவனுக்குப் பின்னால் எவருமில்லை என்று வைத்துக்கொண்டு கற்பிக்கப்படுபவை. நம் கடையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். திருடன் நிற்கும் இடத்துக்குப் பின்னால் எண்ணெய் வாங்க வந்த அம்மா நிற்கிறார். மிட்டாய்க்கு வந்த பிள்ளை நிற்கிறது. அதற்கும் பின்னால் தெரு.

குண்டு குறி தவறாது என்று எவரும் சொல்ல வேண்டாம். நியூயார்க் நகரக் காவல்துறையை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1998 முதல் 2006 வரை இரு தரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் காவலர் சுட்ட குண்டுகளில் சராசரியாக 100க்கு 18 மட்டுமே இலக்கில் பட்டன. எதிரி திருப்பிச் சுடாதபோதும் 30தான். சம்பளம் வாங்கிப் பயிற்சி பெறுவோரின் கணக்கே இதுவென்றால், ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நமது கணக்கு என்ன? மீதிக் குண்டுகள் யார் வீட்டுக்குப் போகும்?

சட்டம் சொல்வது

தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. கொள்ளை நடக்கும்போதும், இரவில் கதவை உடைத்து நுழையும்போதும் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. மிரட்டலை விட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நாம்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். அந்த ஒன்றரை விநாடியில் இத்தனையையும் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

உரிமத்தின் சுமையும் குறைவல்ல. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கேட்கப்படுகிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்; நமது காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு. அதே திருத்தத்தில், பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் துப்பாக்கி இருப்பது ஊருக்குத் தெரிந்தால், அதைத் திருடவே ஒருவன் வருவான்.

நமது யோசனை

அப்படியானால் வெட்டுப்பட்டுக்கொண்டே இருப்பதா என்று கேட்பார்கள். இல்லை. கொள்ளையன் வருவது ரொக்கத்துக்காக. ரொக்கத்தைக் குறைப்பதே முதல் காவல். 2017 ஏப்ரல் முதல் ஒரே நபரிடம் ஒரே நாளில் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமே தடை விதிக்கிறது. சில்லறைக் கடைகளில்கூட இப்போது செல்பேசி வழியே பணம் வருகிறது. கிராம வசூலையும் இயன்றவரை வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் பையில் பறிக்க ஒன்றும் இராது.

மாற்ற முடியாத வசூலுக்கு இரண்டு பேர் போக வேண்டும். நேரத்தையும் பாதையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும். கடைக்காரர் காப்பீட்டில் வழியில் பறிபோகும் பணத்துக்கும் சேர்த்து எடுக்கலாம். பணம் போனால் காப்பீடு தரும். கை போனால் எந்த நிறுவனம் தரும்? அரிவாளோடு எதிரில் நிற்பவனிடம் பையைக் கொடுத்துவிட்டு, உடனே 100 அல்லது 112க்குச் சொல்லுவதில் எந்த அவமானமும் இல்லை. சந்துகளுக்கு விளக்கு, பொதுவான கண்காணிப்புக் கேமரா, இரவு ரோந்துக் காவலர் கையெழுத்திடும் புத்தகம் ஆகியவற்றுக்குச் சங்க நிதியில் முதலிடம் தரலாம்.

ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் மில்லுக்காரர், நகைத் தொழில் செய்வோர் போன்ற சிலருக்கு உண்மையிலேயே தேவை இருக்கலாம். அவர்கள் தனித்தனியே விண்ணப்பிக்கட்டும். ஆனால் வாங்குவதற்கு முன் கற்கட்டும்; மாதம் ஒருமுறையாவது பழகட்டும். எப்போதும் தோட்டா இருப்பதாகவே எண்ண வேண்டும். சுட விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பக் கூடாது. குறி வைக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. கூப்பர் கற்பித்த நான்கு பாதுகாப்பு விதிகள் இவை. 1998இல் அந்த இரவில் நாம் கடைசி மூன்றையும் மீறினோம். கடவுள் காப்பாற்றினார்.

ஆகவே, எல்லோருக்கும் தாராளமாக உரிமம் என்ற வாசகத்தை நீக்கிவிட்டு, இரவு ரோந்து, தெருவிளக்கு, கேமரா ஆகியவற்றைக் கேட்கும் தீர்மானமாக அதைத் திருத்த வேண்டும் என்று பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறோம். வெட்டுப்பட்ட உறுப்பினரிடமும் இதை நேரில் சொல்லிவிட்டோம். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. "அன்னைக்கு என் கையில ஒண்ணு இருந்திருந்தா?" என்றே கேட்டார். இருந்திருந்தால் அதுவும் அந்தப் பையோடு போயிருக்கும் என்பதே நமது பதில்.

அன்று தூக்குச் சட்டி எடுக்க வந்தவர் இப்போது வேலைக்கு வருவதில்லை, முதுகு வலி. மூன்று பெண்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு மண்டிக்கு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். அவர் வரும்போதெல்லாம் நமக்கு அந்த விசை ஞாபகம் வருகிறது. நம் உறுப்பினர் எவருக்கும் அந்த ஞாபகம் வர வேண்டாம்.

சிந்திப்போம், பிறகு கை தூக்குவோம்.