மருத்துவர் மட்டும் போதுமா?

என் வகுப்பு மாணவன் ஒருவன் எட்டு வயதாகியும் முழு வாக்கியம் பேசத் திணறுகிறான். பரிசோதனைக்குச் சென்ற பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை: "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்."

இது அறியாமை. இருமொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. உண்மையான குறைபாடாயின் குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தென்படும். மலாயில் மட்டும் தடுமாறினால் அது பழக்கக் குறைவாகவே இருக்கலாம். இதைப் பிரித்தறியத் தமிழறிந்த பேச்சு சிகிச்சையாளர் வேண்டும்.

அவரை யார் உருவாக்குவது? நாமோ மருத்துவம் ஒன்றே படிப்பென்று வீட்டை அடகு வைக்கிறோம். அமெரிக்காவில் இத்தொழிலுக்கு முதுகலை வேண்டும். இங்கே நான்காண்டு இளங்கலையே போதும். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995 முதல் இதனைக் கற்பிக்கிறது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவியல் பல்கலைக்கழகமும் கிளந்தானிலுள்ள குபாங் கெரியான் வளாகத்தில் கற்பிக்கிறது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! அறிவியல் பிரிவு மாணவர்களிடம் இப்படிப்பைப் பற்றிப் பேசுங்கள். விண்ணப்பிக்குமுன் சிகிச்சை நிலையமொன்றில் அனுமதி பெற்றுச் சில நாள் உடனிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தமிழையும் கைவிட வேண்டாமெனச் சொல்லுங்கள். இத்துறையில் தாய்மொழியும் ஒரு கருவி.

பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருவர் புறப்பட்டாலும் போதும். "மந்தம்" என்று நாமே ஒதுக்கிவிட்ட பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.