கையில் இருப்பதெல்லாம் சொந்தமா?

 

வலிமை உள்ளவனுக்கே சொத்து, நீதி நியாயமெல்லாம் இயலாதவன் புலம்பல் என்று கொஞ்ச நாளாகச் சில இளைஞர்கள் எழுதிவருகிறார்கள். பக்கத்தில் ஒரு சிங்கத்தின் படம். கீழே மாக்ஸ் ஸ்டிர்னர் என்று ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று இவர்களில் எத்தனை பேர் தேடிப் பார்த்திருப்பார்கள்?

அவர் ஒரு வாத்தியார். ஜெர்மனியின் பேய்ராய்ட் நகரில் 1806-இல் பிறந்தவர். இயற்பெயர் யோகான் காஸ்பர் ஷ்மிட். ஸ்டிர்னர் என்பது அகன்ற நெற்றிக்காக வந்த பட்டப்பெயர். அரசுப் பள்ளியில் நிலையான வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. பெர்லினில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஐந்து ஆண்டு பாடம் நடத்தினார். 1844 கடைசியில் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. 'தனியொருவனும் அவன் உடைமையும்' என்று தமிழில் சொல்லலாம். மார்க்சும் எங்கெல்சும் அதற்கு மறுப்பாக நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதினார்கள் என்றால், லேசுப்பட்ட ஆள் இல்லை.

அவர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. அந்தப் பாதியைத்தான் நம் சிங்கப் படக்காரர்கள் படிக்கவே இல்லை.

கஞ்சனைப் பற்றி ஸ்டிர்னர் என்ன சொல்கிறார்? பணத்துக்காக மற்ற எல்லாவற்றையும் பலி கொடுப்பவனின் தன்னலம் ஒருதலையானது, குறுகியது, அவன் பேய் பிடித்தவன் என்கிறார். பணம் அவனிடம் இல்லை, அவன்தான் பணத்திடம் இருக்கிறான். நாடு, மதம், ஒழுக்கம், மனிதகுலம் என்று எதன் முன்னால் மனிதன் மண்டியிட்டாலும் அதையும் பேய் என்றே அவர் சொன்னார். ஒரு பொருளை வேண்டும்போது பயன்படுத்தவும் வேண்டாதபோது விடவும் முடிந்தால்தான் அது உன்னுடையது. விட முடியாவிட்டால் நீ அதனுடையவன். மாதத் தவணையில் கார் வாங்கி, அதில் கீறல் விழுந்துவிடுமோ என்று ராத்திரி தூங்காமல் கிடப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1842-இல் கல்வியைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய நூலைவிட எனக்குப் பிடித்தது அதுதான். பழைய இலக்கியம் படித்த பண்டிதனை உருவாக்குவதா, தொழிலுக்கு உதவும் ஆளை உருவாக்குவதா என்று அன்று இரண்டு கட்சி. இரண்டுமே தவறு என்றார் இவர். இரண்டும் பிள்ளையின் தலையில் அறிவைச் சரக்காக அடுக்குகின்றன. அந்த அறிவு பிள்ளையின் விருப்பமாக, செயலாக மாறாதவரை அது சுமைதான். முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவன் நான். வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளை, கிணற்றுக்கு மூடி போட எவ்வளவு தகடு வேண்டும் என்று கேட்டால் விழிக்கும். மதிப்பெண் அந்தப் பிள்ளையுடையது. கணக்கு அதனுடையது இல்லை.

இனி என் சண்டை. பிரெஞ்சுக்காரர் புரூதோன் 1840-இல் சொத்து என்பதே திருட்டு என்றார். ஸ்டிர்னர் மடக்கினார்: ஒரு பொருள் ஒருவனுக்குச் சொந்தம் என்று முதலில் ஒப்புக்கொண்டால்தானே திருட்டு என்ற சொல்லுக்கே அர்த்தம்? சரியான கேள்வி. ஆனால் அங்கிருந்து, உரிமை என்பதே பேய், என் ஆற்றலுக்கு உட்பட்டதே என் உடைமை என்று போய்விட்டார். நேற்று நான் எடுத்த முடிவுக்கு இன்றைய நான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்றும் கேட்டார். ஆட்கள் கூடலாம், தெருவில் பிள்ளைகள் விளையாடக் கூடுவதுபோல, பிடிக்காவிட்டால் கலைந்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் கட்டடம் இடிகிறது. கையில் இருப்பது வேறு, சொந்தம் வேறு. நான் தூங்கும்போதும், ஊரில் இல்லாதபோதும், படுக்கையில் கிடக்கும்போதும் என்னுடையதாக இருப்பதுதான் சொந்தம். என் வலிமை அப்போது எங்கே இருக்கிறது? நாளைக்கும் இது இவனுடையது என்று பிறர் வைக்கும் வாக்கில்தான் அது நிற்கிறது. நேற்றைய வாக்கு யாரையும் கட்டாது என்றால், எவனுக்கும் எதுவும் சொந்தமாக இருக்க முடியாது. பிடித்துக்கொண்டிருக்கலாம், கை வலிக்கும்வரை. நம் மொழியில் உடைமைக்கும் உறவுக்கும் 'சொந்தம்' என்ற ஒரே சொல் வழங்குவது வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நூல் வந்த அடுத்த வருஷம் ஸ்டிர்னர் பால் வியாபாரத்தில் இறங்கினார். பால் வந்தது, வாங்க ஆள் வரவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வியாபாரம் படுத்தது. பிற்காலத்தில் கடனுக்காக இரண்டு முறை சிறையும் போனார். தோற்றவன் என்று கேலி செய்ய இதைச் சொல்லவில்லை, நல்லவர்களும் கடை வைத்துத் தோற்றிருக்கிறார்கள். முதல் யாருடையது என்பதுதான் என் கேள்வி. அது மனைவி மரி டேன்ஹார்டுக்கு வந்த பரம்பரைச் சொத்து. 'தனியொருவன்' நூலைக் காணிக்கையாக்கியதும் அந்த மரிக்குத்தான். அந்தப் பணம் மரியுடையதா, அதைச் செலவழிக்கும் ஆற்றல் பெற்ற கணவனுடையதா? ஸ்டிர்னரின் அளவுகோலை வைத்தால் பதில் உடனே கிடைக்கும். மரியிடம் கேட்டால் வேறு பதில் வரும். பல வருஷம் கழித்து, ஸ்டிர்னர் வரலாற்றை எழுதிய ஜான் ஹென்றி மெக்கே லண்டனில் மரியைத் தேடிப் போனார். நேரில் பேச அந்த அம்மாள் மறுத்துவிட்டார். எழுத்தில் கொடுத்த பதிலிலும் கணவரைப் பற்றி அன்பான சொல் இல்லை.

நம் தம்பிகளுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். இந்துக் குடும்பங்களில் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. இன்றும் அண்ணன் உழுகிறான், அண்ணன் விற்கிறான், தங்கை கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படுகிறாள். வலிமைதான் சொத்து என்றால் அந்த அண்ணன் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

மறுத்து எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். எழுதும் முன் அந்தத் தங்கையின் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.