உரிமத்துக்குள் அடங்காத துப்பாக்கி

துப்பாக்கிச் சட்டத்தால் கொலை குறையுமா? துப்பாக்கி இல்லாவிட்டால் கத்தியால் குத்துவான் என்கிறார்கள் சிலர். சரி, குத்துவான். கத்தியிடமிருந்து ஓடித் தப்பலாம். குண்டிடமிருந்து ஓட முடியுமா?

1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். 12 நாளில் அந்நாட்டு அரசுகள் கூடிச் சட்டத்தை இறுக்கின. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தன. துப்பாக்கிச் சாவு அங்கே முன்பிருந்தே குறைந்துதான் வந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் பலரைச் சுட்டு வீழ்த்தும் கொடுமை அதன்பின் பல்லாண்டுகள் அரிதாகிப் போனதே!

நம் நாட்டுக் கதை வேறு. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியனுக்குத்தான் விலங்கு பூட்டியது, வெள்ளையனுக்கு விலக்கு! 1959இல் நாமே இயற்றிய சட்டம் எல்லோருக்கும் ஒன்று, ஏட்டில். மூட்டை தூக்குகிறவனுக்கா உரிமம் கிடைக்கும்? (அவனுக்கு அது வேண்டவும் வேண்டாம்.)

2019 திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாக்கியது. நல்லதே. ஆனால் வடநாட்டு நகரங்களில் நம் தெருவை மிரட்டும் குண்டனின் இடுப்பில் இருப்பது உரிமத் துப்பாக்கியா? கட்டா! பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் கள்ளப் பட்டறைகளில் உருவாவது. அதைச் செய்பவனுக்கு 7 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்கிறது அதே திருத்தம். சுமந்து வந்த கூலியாள் உள்ளே, பட்டறைக்குப் பணம் போட்டவன் வெளியே என்றால் அந்தப் பிரிவு எதற்கு? காவல்துறை ஒவ்வொரு கட்டாவையும் பிடித்த இடத்தோடு நிறுத்தாமல், அது பிறந்த பட்டறைவரை தேடிப் போகட்டும்.