வெள்ளையடித்தால் போதுமா?

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. கண்டாச்சிபுரம் பக்கம் களையெடுக்கும் பெண்ணின் கூலிப் பணமும் அதில் இருக்கிறது.

2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல பூட்டிக் கிடந்தன. இப்போது வெள்ளையடித்து, ரிப்பன் வெட்டித் திறக்கிறார்கள். யாருக்கு?

அவள் கழனியிலிருந்து திரும்பி, உலை வைத்து நிமிர்வதற்குள் நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். கழிப்பறை இல்லாத கட்டடத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அவள் மகள் எத்தனை மணி நேரம் உட்காருவாள்?

‘பெண்கள் வருவதில்லை’ என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். கழிப்பறை கட்டுங்கள், இரவு 8 மணிவரை திறந்து வையுங்கள், பெண்ணை நூலகராக அமர்த்துங்கள். அதற்குப் பிறகும் நாங்கள் வராவிட்டால், அப்போது பேசுவோம்.