மேகத்தை நம்பி

எங்கள் காவாந்தண்டலத்துக் குடியானவர் மேகத்தை அண்ணாந்து பார்ப்பார். அதை மட்டும் நம்பி நாற்று விடமாட்டார். ஏரித் தண்ணீர் போதாவிட்டால் கிணறு இருக்கட்டும் என்று இரண்டு வழி வைத்துக்கொள்வார். பட்டம் பெற்ற நாமோ, ‘கிளவுட்’ என்னும் ஒரே மேகத்தை நம்பிக் கெட்டோம்.

சென்ற ஆடியில் பம்புசெட்டைப் பார்க்கக் குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்த நமது கைபேசி கிணற்றில் விழுந்தது. நாம் சிறிதும் கலங்கவில்லை. “படமெல்லாம் கிளவுடில் பத்திரமாயிருக்கிறது” என்று வீட்டாருக்குத் தைரியம் சொன்னோம். புதிய கைபேசி வாங்கிக் கணக்கைத் திறந்தால், படங்கள் பொங்கலோடு நின்றுபோயிருந்தன. இலவச இடம் நிரம்பியதும் படம் ஏறுவதும் நின்றுவிட்டது. அதைத் தெரிவித்து மின்னஞ்சல்கள் பல வந்திருந்தன. ஒன்றையாவது நாம் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையிடம் தினந்தோறும் காரணம் கேட்பவர் நாம்!

பங்குனியில் நமது தாயார் காலமானார். அவருடைய கடைசி இரண்டு மாதப் படங்கள் முழுவதும் கிணற்றோடு போயின. சென்னையிலுள்ள தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு மட்டுமே மிஞ்சின. ஒன்றில் அம்மா பல்லாங்குழியின் முன் அமர்ந்திருக்கிறார். சுருங்கிப் போன படமாதலால், சற்றுப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடுகிறது.

இலவசத்துக்கு எல்லை உண்டு என்பதை நேயர்கள் மறத்தலாகாது. கூகிள் போட்டோஸில் அளவின்றிப் படம் வைக்கும் சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்பொழுது கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட். அதில் மின்னஞ்சலும் அடக்கம். ஆப்பிளும் மைக்ரோஸாப்டும் தருவது ஐந்தைந்து.

பணம் கொடுத்து இடம் வாங்கிவிட்டால் போதாதோ என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்றொரு ஓய்வூதிய நிதி ஸ்தாபனம் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரை உடையது. ஒரு பிரதேசத்தில் அபாயம் நேர்ந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று, கூகிள் கிளவுடிலேயே இரண்டு பிரதேசங்களில் அது இடம் பிடித்திருந்தது. 2024 மே மாதத்தில் கூகிளின் பக்கம் நேர்ந்த ஒரு தவறினால் அதன் சந்தாவே அழிந்தது. இரு பிரதேசங்களிலும் அழிவு நேர்ந்ததாக இரு தரப்பாரின் கூட்டறிக்கை கூறிற்று. அங்கத்தினர் பல நாட்கள் தங்கள் கணக்கைக் காண முடியவில்லை. முடிவில் மீட்புக்கு உதவியவற்றுள், வேறொரு கம்பெனியிடம் வைத்திருந்த பிரதியும் ஒன்று. ஒரே சாவியில் திறக்கும் இரண்டு பெட்டிகளை இரண்டென்று எண்ணலாமோ?

கல்லுக்கே இந்த ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. பக்கத்து உத்தரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலைச் சாஸனங்கள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஆயினும் தொல்லியல் இலாகாவினர் அவற்றை மைப்படி எடுத்து அச்சிலும் ஏற்றிவிட்டார்கள்.

இப்பொழுது நமது படங்கள் கூகிளிலும் ஒன்டிரைவிலும் தனித்தனியே ஏறுகின்றன. கடவுச்சொற்களும் வெவ்வேறு, இரண்டையும் இல்லாள் ஒரு நோட்டில் எழிதிப் பீரோவில் பூட்டியிருக்கிறாள். கூகிள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கைபேசியிலும் கிளவுடிலும் சேர்ந்தே போய்விடும் என்பதும், குப்பைக்கூடையில் அது 60 நாள்தான் கிடக்கும் என்பதும் பிந்தித்தான் நமக்குத் தெரிந்தன. தவறிய விரல் ஒன்றில் அழித்தது மற்றொன்றிலாவது இருக்கும்.

“ஒரே படத்துக்கு இரண்டு இடத்தில் வாடகையா, அப்பா?” என்று மகள் முதலில் சிரித்தாள். அமாவாசைதோறும் இரண்டு கணக்குகளையும் திறந்து, கடைசிப் படம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையை இப்பொழுது அவளே எடுத்துக்கொண்டிருக்கிறாள். தங்கை திருப்பியனுப்பிய அந்த நான்கு படங்களை இரண்டிலும் முதலில் ஏற்றியவளும் அவள்தான்.