74 ஸ்டிரைக் தோழர்களே, வீட்டில் வாய் திறங்கள்!

ரயில்வே ஸ்டிரைக் தொடங்கிய 1974 மே 8-ம் தேதி ஷெட்டுக்குள் போகாமல் கேட்டுக்கு வெளியே நின்றவர்களில் ஆக இளையவருக்கு இருபது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அவர் எழுபதைத் தாண்டிவிட்டார். அன்று முப்பதில் இருந்தவர் எண்பதைத் தாண்டிவிட்டார். நம் பென்ஷனர் கூட்டங்கள் எல்லாமே இப்போது மௌன அஞ்சலியில்தான் தொடங்குகின்றன. வாசிக்கப்படும் பெயர்கள் கூடுகின்றன, கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் குறைகிறார்கள். ஒவ்வொரு பெயரோடும் ஒரு குடும்பத்தின் கதையும் சுடுகாட்டுக்குப் போகிறது. இதைப் பார்த்துக்கொண்டு நாம் சும்மா இருக்கலாமா?

நான் கேட்பது சங்க வரலாற்றை அல்ல. பதினேழு லட்சம் பேர் இறங்கிய ஸ்டிரைக், மே 2-ம் தேதியே நம் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது, மிசா, டி.ஐ.ஆர். சட்டங்கள், ரயிலை ஓட்ட இறக்கப்பட்ட பிரதேச ராணுவம், மே 27-ல் வாபஸ் என்று எல்லாமே புத்தகங்களில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது உங்கள் வீட்டில் இருக்கிறது. போலீஸ் தேடி வந்த இரவில் கதவைத் திறந்த உங்கள் மனைவி என்ன சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார்? குவார்ட்டர்ஸைக் காலி செய் என்றபோது சாமான்களை யார் வீட்டுத் திண்ணையில் இறக்கினீர்கள்? எந்த மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டை மூடாமல் அரிசி அளந்தார், எவர் மூடினார்? தாலிக்கொடி எந்த அடகுக் கடைக்குப் போனது? திரும்பி வந்ததா?

இதையெல்லாம் உங்கள் பேத்திக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

சொல்லவில்லை. பெரும்பாலோர் சொல்லவில்லை. மேடையில் மணிக்கணக்காகப் பேசிய நாம் சொந்த வீட்டுக் கூடத்தில் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், நாம் பட்டதை எதற்கு அவர்கள் தலையில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தோம். அந்த நினைப்பு பாசத்தில் பிறந்ததுதான். விளைவைப் பாருங்கள். 74-ல் போனஸ் கேட்டோம், ரயில்வே ஊழியனுக்கு எதற்குப் போனஸ் என்றார்கள். 1979-ல் அது வந்தது. இன்று ரயில்வேயில் இருக்கும் நம் பிள்ளைகளின் கணக்கில் ஆயுத பூஜைக்கு முன்னால் ஆண்டுதோறும் அந்தப் பணம் ஏறுகிறது. அதற்காக அப்பா சிறையில் இருந்தார் என்பதும், அம்மா மூன்று பிள்ளைகளோடு தாய்வீட்டு வாசலில் போய் நின்றாள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

வேலை நேரமும் அப்படித்தான். கால் பாய் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுவான். அவன் நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு லைன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எப்போது இறங்குவோம் என்பது எவருக்கும் தெரியாது. 1973-ல் லோகோ தொழிலாளிகள் போராடிய பிறகுதான் பத்து மணி நேரம் என்ற வாக்குறுதியே கிடைத்தது. அதையும் காப்பாற்றவில்லை. இன்று ஐ.டி. கம்பெனியில் இரவெல்லாம் கண் விழித்து, கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்கத் தெரியாமல் இருக்கும் உங்கள் பேரனிடம் இதைச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் யார்?

1928-ஐ எண்ணிப் பாருங்கள். அந்த ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார் என்று நமக்குத் தெரியும். நாகப்பட்டினத்திலும் பொன்மலையிலும் சம்மட்டி பிடித்த சாதாரணத் தொழிலாளியின் வீட்டில் அந்த ஜூலை எப்படிக் கழிந்தது? யாருக்குத் தெரியும்? அவர்களின் பேரன்களில் சிலர் நம்மோடுதான் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கே தெரியாது. 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் சுடப்பட்டு வீழ்ந்த ஐந்து தியாகிகளுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதற்குப் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

தோழர் மைதிலி சிவராமனை நினைவில் வையுங்கள். வெண்மணிப் படுகொலையின் உண்மையை உலகுக்கு எழுதியவர், மாதர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அவர் தன் பாட்டி சுப்புலட்சுமி விட்டுச்சென்ற டயரிக் குறிப்புகளையும் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் தெரியாமல் மறைந்திருக்கக்கூடிய அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் புத்தகமாக்கினார். 2006-ல் அது வெளிவந்தது. பின்னாளில் மறதிநோய் தோழரின் நினைவையே எடுத்துக்கொண்டது. 2021 மே மாதம் அவர் மறைந்தார். எழுதியது நின்றது. எழுதாமல் அவர் மனதில் வைத்திருந்தது எவ்வளவோ, அது போயே போய்விட்டது. அந்த நோய் எந்த வீட்டுக் கதவையும் தட்டும், தோழர்களே. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று எண்ணுவது பெரிய ஏமாற்று.

முக்கியமாக, ஸ்டிரைக்குக்குப் பிறகு வேலையில்லாமல் கழிந்த அந்த மூன்று வருடத்தைச் சொல்லுங்கள். விசாரணை இல்லாமலே ஆளை வீட்டுக்கு அனுப்ப 14(2) விதி அவர்கள் கையில் இருந்தது. அப்படி அனுப்பப்பட்ட பலர், 1977-ல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பிறகுதான் திரும்ப எடுக்கப்பட்டார்கள். நடுவே எமர்ஜென்சி வேறு. ஸ்டிரைக்கின் இருபது நாளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. இந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பேச உங்களைத் தவிர ஆளில்லை. எஞ்சின் ஓட்டிய கையால் என்ன வேலை செய்தீர்கள்? சைக்கிளில் வைத்து எதை விற்றீர்கள்? யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் தவிர்த்தீர்கள்? சம்பந்தம் பேசியவர்கள் பின்வாங்கினார்களா? பள்ளிக்கூடத்தில் பையனிடம் அப்பாவின் வேலை என்ன என்று கேட்டபோது அவன் என்ன எழுதினான்?

அம்மாக்களை முதலில் பேச விடுங்கள். என் வீட்டில் அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது என் துணைவியார் இட்லி சுட்டு விற்ற காசில். எத்தனை படி அரிசி ஊறவைத்தார், யார் வாங்கினார்கள், யார் காசு தராமல் ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அவர் வாயால் சொல்லித்தான் என் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் சொல்லியிருந்தால் கூட்டங்களையும் கோஷங்களையும்தான் சொல்லியிருப்பேன். ஸ்டிரைக்கைத் தாங்கியது அம்மாக்களின் தோள். அவர்கள் பேசும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள்.

பயத்தையும் மறைக்காதீர்கள். நடுங்கிய இரவைச் சொல்லாத கதையைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நம்மோடு நிற்காமல் வேலைக்குப் போனவர்களையும் சொல்லுங்கள். கருங்காலி என்று கத்தினோம். ஸ்டிரைக் உடைந்ததில் அவர்கள் பங்கு உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் படுத்த படுக்கையான தாயை வைத்துக்கொண்டு போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கும் இப்போது எண்பது வயது. அவர்களும் தங்கள் பிள்ளைகளிடம் உண்மையைப் பேசட்டும். பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

இதற்கு எழுத்தாளனாக இருக்கத் தேவையில்லை. கை நடுங்காதவர்கள் நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். நடுங்குகிறவர்கள் பேரப்பிள்ளையின் செல்போனை எதிரே வைத்துப் பேசுங்கள், அவர்கள் பதிவு செய்துகொள்வார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் சார்ஜ் ஷீட்டையும், வேலைநீக்க உத்தரவையும், சிறையிலிருந்து எழுதிய கார்டுகளையும் இன்றே வெளியே எடுங்கள். கரையான் அரிப்பதற்குள் படம் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் வீடு மாறும்போது பழைய பேப்பர்க்காரனுக்குப் போய்விடும்.

அரக்கோணம், ஜோலார்பேட்டை, விழுப்புரம், பொன்மலை, ஈரோடு, மதுரைத் தோழர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உட்காரவைத்துத் தொடங்குங்கள். அடுத்த மே 8 கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பேரனையோ பேத்தியையோ கூட்டிவாருங்கள். அன்று மேடையில் நாம் யாரும் பேச வேண்டாம். வீட்டில் கேட்டதை அவர்கள் பேசட்டும்.