மாலை மாற்றினால் போதும் என்றவர்களுக்கு

“பாலிக் புலாவ்ல உட்கார்ந்துகிட்டு இந்தியக் கோர்ட்டுத் தீர்ப்பப் பத்தி நமக்கென்ன பேச்சு?” தன்பாலினத் திருமணம் என்று வாயெடுத்ததும் நம்மூர் இலக்கியக் கூட்டங்களில் வரும் முதல் பதில் இதுதான். கேட்பவர் பெரும்பாலும் பகுத்தறிவுக்காரர். வீட்டில் பெரியார் படம் மாட்டியிருப்பார். அதனால் அவருடைய சரித்திரத்தை வைத்தே பேசலாம்.

1929 டிசம்பரில் பெரியார் கப்பலில் வந்திறங்கியது பினாங்கில்தான். ஐயர் வேண்டாம், ஓமகுண்டம் வேண்டாம், மாலை மாற்றினால் கல்யாணம் என்ற பேச்சு இந்தத் தீவுக்கும் வந்தது. கோர்ட் அதை ஏற்றதா? இல்லை. தெய்வானை ஆச்சி வழக்கில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. சாத்திரச் சடங்கும் இல்லை, வழக்கம் என்று சொல்ல வயசும் போதாது என்பது காரணம். அப்படிக் கட்டிக்கொண்ட பெண்கள் கோர்ட் கணக்கில் மனைவியே இல்லை! 1967இல் அண்ணா அரசு சட்டத்தைத் திருத்தி, பழைய கல்யாணங்களையும் சேர்த்தே செல்லும் என்றது.

இப்போது 2023க்கு வருவோம். ஆகஸ்ட் 28ஆம் தேதி, அதே சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறியச் சடங்கு தேவையில்லை, வழக்கறிஞர் நண்பராக நின்று நடத்தி வைத்தாலும் தப்பில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திர பட் அமர்வு தீர்ப்புச் சொன்னது. துணையைத் தேர்ந்தெடுப்பது அவரவர் உரிமையாம். ஏழே வாரம். அக்டோபர் 17ஆம் தேதி சுப்ரியோ வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அதே பட்தான். திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாமல் சேர்ந்து வாழும் பந்தத்துக்காவது அங்கீகாரம் கொடுங்கள் என்றதும் மூன்றுக்கு இரண்டில் தோற்றது. நாடாளுமன்றத்துக்குப் போ, அரசு போடும் குழுவிடம் கேள் என்றார்கள். 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடி.

சட்டம் எழுதுவது கோர்ட்டின் வேலையில்லை என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1967இல் வழி திறந்ததும் சட்டமன்றம்தானே. ஆனால் அதுவரைக்கும் சுயமரியாதைக்காரர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை. செல்லாத கல்யாணத்தை ஊருக்கு ஊர் செய்துகாட்டிய பிறகுதான் சட்டம் வந்தது. ரெண்டு பெண்கள் மாலை மாற்றினால் நம்ம பகுத்தறிவுக்காரர் பந்தியிலாவது உட்காருவாரா?

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றது. பெற்றோர் அடைத்து வைத்த 25 வயசுப் பெண்ணை அவர் விரும்பிய தோழியோடு போகவிட்டது. நல்ல தீர்ப்பு, சந்தோஷம். ஆனால் குடும்பம் என்று சொன்னதால் வாரிசுரிமை வந்துவிடாது.

“அதெல்லாம் இந்தியா.” சரி, இங்கே வருவோம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 69ஆவது பிரிவு, ஆணும் பெண்ணுமாக இல்லாத திருமணம் செல்லாது என்று ஒரே வரியில் முடிக்கிறது. காலங்காலமாக மாறாத பண்பாடு என்பார்கள். என்னத்த மாறாதது? 1982 மார்ச் முதல் தேதி இந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இங்கே ஓர் இந்து ஆண் வழக்கப்படி இரண்டாவது தாரம் கட்டலாம். அது நின்றுபோனதற்காகப் பண்பாடு அழிந்ததென்று யாரும் அழவில்லை.

2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் சிலாங்கூர் மாநில ஷரியா சட்டத்தின் 28ஆவது பிரிவை ரத்து செய்ததை நம்மில் சிலர் வெற்றி என்றே கொண்டாடினோம். தீர்ப்பின் காரணம் என்ன? இந்தக் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதை எழுதும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. அதாவது, அடிக்கிற கை யாருடையது என்பதுதான் வழக்கு. 20 வருஷம் வரை சிறையும் பிரம்படியும் அப்படியே இருக்கின்றன. பக்கத்துத் தாய்லாந்திலோ 2025 ஜனவரி 22 முதல் பதிவுத் திருமணமே நடக்கிறது.

இருபது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்து, சேர்ந்து டுரியான் தோட்டம் பார்த்த இரண்டு பெண்களில் தோட்டத்துக்குச் சொந்தக்காரி உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு மற்றவள் தெரியவேமாட்டாள். அம்மா அப்பா இல்லையென்றால் கூடப்பிறந்தவர்களுக்குப் போகும். ஆகவே சட்டம் மாறும்வரை, முஸ்லிம் அல்லாதவர்கள் உயிலாவது எழுதி வையுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஈபிஎஃப்பிலும் அவள் பெயரைப் போட்டு வையுங்கள், அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.